ஞாயிறு அட்டப்பாடி சந்திப்பு: குழு உறுப்பினர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

பாலக்காட்டிலிருந்து வயலின், மிருதங்கக் கலைஞர்கள் இருவர் வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு அட்டப்பாடியிலுள்ள அகளிக்கு வருகிறார்கள். நம் இருளர் இளைஞர்களோடு சேர்ந்து வாசிக்கப் போகிறார்கள். ஊர்த் தலைவரான மூப்பனிடம் பேசியாயிற்று, ஊர் முற்றத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நம் ஊதுகருவியான கொகலின் சுருதியை நினைத்தபடி மாற்ற முடியாது. ஆகவே வயலின்தான் அதற்கு ஏற்றபடி கம்பியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வருகிறவர்களும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்கள். மிருதங்கக்காரர் தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில்) ரவை பிசைந்து ஒட்டும்போது, நம் பையன்கள் பக்கத்திலேயே நம் மேளமான பொறையைத் தீயில் காட்டித் தோலை இறுக்குவார்கள். இரண்டையும் சின்னப் பிள்ளைகள் அருகில் நின்று பார்க்கட்டும், யாரும் விரட்ட வேண்டாம்.

எந்தப் பாட்டு என்பதை ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்வார்கள். சாவுப் பாட்டு, சாமிப் பாட்டு எதையும் அவர்களைக் கேட்காமல் பாடச் சொல்லாதீர்கள், பதிவும் செய்யாதீர்கள். நம் இருளர் பாடகி நஞ்சியம்மாவுக்கு 2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவித்தபோது, முறைப்படி சங்கீதம் படிக்காதவருக்கா என்று சிலர் கேட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. நம் பிள்ளைகள் அன்று மாணவர்களாக உட்காரப் போவதில்லை, சமமாக வாசிக்கப் போகிறார்கள். சன்மானமும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

மதியம் ராகிக் களியும் கீரையும் உண்டு. ஆனைகட்டி வழியாக வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கே பெயரைப் போடுங்கள், அப்புறம் ஜீப் ஏற்பாடு செய்வது சிரமம்.