ஞாயிறு யோகோஹாமா உலா

அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு காலை 10 மணிக்கு சகுராகிச்சோ ரயில் நிலைய வாசலில் கூடுவோம். அங்கிருந்து ஏர் கேபின் என்ற ரோப் காரில் ஏறினால் ஐந்தே நிமிடத்தில் துறைமுகப் பக்கம் இறக்கிவிடும். நடக்கப் பிடித்தவர்கள் நடந்தே வரலாம்.

காஸ்மோ வேர்ல்டு என்ற கேளிக்கைப் பூங்காவில் நுழைவுக் கட்டணம் கிடையாது, ஏறும் ராட்டினத்துக்கு மட்டும் காசு. 112.5 மீட்டர் உயர ராட்டினம் ஒரு சுற்று வர 15 நிமிடம். தரையும் கண்ணாடியாக இருக்கும் பெட்டிகள் மிகச் சிலதான், வரிசை நீளும். எனக்கு சாதாரணப் பெட்டியே போதும் சாமி!

அப்புறம் யமஷிதா பூங்காவில் ஹிகாவா மாரு. 1930இல் ஓடத் தொடங்கிய பயணிகள் கப்பல், சாப்ளின்கூட இதில் பயணித்திருக்கிறார். இதைத் தவறவிடாதீர்கள்.

மதியச் சாப்பாடு சைனாடவுனில். ஆவி பறக்கும் வெள்ளை பன்களுக்குள் பெரும்பாலும் பன்றி இறைச்சிதான். சைவர்கள் கட்டுச்சோறு கொண்டுவருவது நல்லது. வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர் போடுங்கள்.