ஹம்பிக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

நீ எடுத்த கூர்க் படங்களைப் பார்த்தேன். மலை இருக்கிறது, மேகம் இருக்கிறது. எதைப் பார்க்கச் சொல்கிறாய் என்பதுதான் தெரியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. அடுத்த வாரம் ஹம்பி என்றாயே, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

விடிவதற்குள் மாதங்க மலை ஏறிவிடு. தனியாக வேண்டாம், தோழிகளோடு போ. மேலே கூட்டம் மொத்தமும் கிழக்கே பார்த்து, சூரியனுக்கு நேரே போனைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆசைக்கு நீயும் ஒன்று எடுத்துக்கொள். அப்புறம் திரும்பிவிடு. மேற்கே விரூபாட்சர் கோயிலின் கிழக்குக் கோபுரம், ஒன்பது நிலை, ஏறக்குறைய 50 மீட்டர், முகம் முழுக்க வெயிலோடு நிற்கும்.

ஆனால் என் ஓட்டு வடக்குப் பக்கத்துக்குத்தான். கீழே அச்சுதராயர் கோயில். அங்கே வெயில் பக்கவாட்டில் விழும். மதிலுக்கும் மண்டபத்துக்கும் நிழல் நீளும். ஒவ்வொரு பாறையிலும் ஒரு பக்கம் பொன்னிறம், மறுபக்கம் இருட்டு. பாறையின் உருண்டை படத்தில் தெரிவது இந்த நிழலால்தான். உச்சி வெயிலில் அதே பாறை தட்டையாகிவிடும்.

போன் கேமராவில் ஜூமை 0.5-இல் வைக்காதே. அகலம் கிடைக்கும், கோபுரம் தீக்குச்சியாகிவிடும். 2 அல்லது 3 வை. அகலமாகத்தான் வேண்டுமென்றால் காலடியில் ஒரு பாறையைப் பெரிதாக வைத்து எடு. வானம் வெளுத்துப்போனால், திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழு. இருட்டான இடத்தை வீட்டுக்கு வந்தும் வெளிச்சமாக்கிக்கொள்ளலாம். வெளுத்த வானத்தை மீட்க முடியாது.

கல் தேருக்கு அதிக நேரம் செலவழிக்காதே. அது 50 ரூபாய் நோட்டிலேயே இருக்கிறது! வெயில் ஏறியதும் விரூபாட்சர் கோயிலுக்குள் போய், கோபுர நிழல் சுவரில் தலைகீழாக விழும் இடத்தைக் கேட்டுப் பார். சின்னத் துளை வழியே வரும் வெளிச்சம்தான். கேமரா வேலை செய்கிற விதமும் அதுவே. சாயங்காலம் ஹேமகூட மலை. அங்கே மட்டும் தாராளமாகச் சூரியனுக்கு எதிரே நில்; கல் மண்டபங்கள் கறுப்பு உருவமாக அழகாக வரும்.

வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பு, இல்லாவிட்டால் படம் சுருங்கிவிடும். எடுத்ததையெல்லாம் கொட்டாதே. நீயே பொறுக்கிப் பத்து மட்டும் அனுப்பு, போதும்.

அன்புடன்,
அப்பா