ஆறு சிலிண்டர் பழைய எஞ்சின்: கிரைண்டரை எடுக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கார் எஞ்சின்களின் வலுவைக் கூட்டுவது பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த குறிப்பு, சிலிண்டர் ஹெட்டின் (சிலிண்டர்களை மேலே மூடும் வார்ப்பின்) காற்றுவழிகளை அகலமாக்கிக் கண்ணாடிபோலப் பொலிஷ் செய்யச் சொல்கிறது. அதை நம்பிக் கிரைண்டர் பிடித்தால் கெடுவது திரும்பக் கிடைக்காத பொருள். ஒஸ்டின் வெஸ்ட்மினிஸ்டர், ஃபோர்ட் செஃபர் போன்ற பழைய ஆறு சிலிண்டர் கார்களுக்கு நல்ல ஹெட் ஒன்று வேண்டுமென்று, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையைச் சல்லடை போட்டுத் தேடினாலும் வெறுங்கையோடு திரும்பத்தான் வாய்ப்பு அதிகம். ஆகவே சில விளக்கங்கள்.

முதலில், காற்று எங்கே நெருக்குப்படுகிறது? 44 மி.மீ. விட்டமுள்ள இன்லெட் வால்வ் (காற்றை உள்ளே விடும் வால்வ்) ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது விட்டத்தின் கால்பங்கு, அதாவது 11 மி.மீ., எழும்பினால்தான் அதைச் சுற்றியுள்ள இடைவெளி வால்வின் பரப்புக்குச் சமமாகும். 1950களின் சாதாரணக் கார்களில் வால்வ் 10 மி.மீ. எழும்புவதே குறைவு. அப்படியென்றால் திறந்திருக்கும் நேரம் முழுவதும் கழுத்தைப் பிடிப்பது வால்வ் அமரும் இடமான சீற்றும் அதை ஒட்டிய ஓரங்குலமும்தான். பெற்றோலைக் காற்றில் கலக்கும் காபரேற்றரிலிருந்து ஹெட்டுக்கு வரும் குழாயான மெனிபோல்ட் பக்கத்து வாயை எவ்வளவு அகலமாக்கினாலும் அந்த இறுக்கம் அப்படியே இருக்கும். அகலமான வழியில் காற்றின் வேகம் குறையும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது பெற்றோல் துளிகள் காற்றோடு போகாமல் சுவரில் படியும். கொழும்பின் காலி வீதி நெரிசலில் எஞ்சின் ஓடுவதோ நிமிடத்துக்கு 1000 முதல் 2500 சுற்றுக்குள்.

வேலையை, வால்வ் தண்டு ஏறி இறங்கும் குழலான கைட்டில் தொடங்குங்கள். சீற் வெட்டும் கருவி கைட்டைப் பிடித்தே நடுவைக் காண்கிறது. தேய்ந்த கைட்டை வைத்து வெட்டிய சீற் வட்டமாக வராது. பிறகு மூன்று கோணம்: வால்வ் அமரும் இடம் 45 பாகை, அதற்கு மேலே 30, கீழே 60. இன்லெட்டில் அமரும் அகலம் 1.2 முதல் 1.5 மி.மீ. போதும். புகை வெளியேறும் எக்ஸோஸ்ட்டில் 1.8 முதல் 2 வரை விட வேண்டும். அந்த வால்வின் சூடு இறங்குவது பெரும்பாலும் சீற் வழியாகத்தான், ஒடுக்கினால் வால்வ் எரியும். சீற்றுக்குக் கீழேயுள்ள தொண்டையை வால்வ் விட்டத்தின் 85 முதல் 88 சதவீதம்வரை, 44 மி.மீ. வால்வுக்கு 37.5 முதல் 38.5 மி.மீ.வரை, திறக்கலாம். அங்கே கருவி விட்ட விளிம்பை மழுக்கி, இன்லெட் வால்வின் முதுகில் 30 பாகையில் ஒரு மெல்லிய வெட்டும் கொடுத்தால் கிடைக்க வேண்டியதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். தேய்ப்புப் பசையைப் பூசி மணிக்கணக்காக உருட்டுவது இதற்கு ஈடாகாது. அதனால் வால்வ் உள்ளே தாழ்ந்து ஓட்டம் மறைபடும், தண்டு மேலே உயர்ந்து, அதை அழுத்தித் திறக்கும் ரொக்கரின் கோணமும் கெடும்.

காற்றுவழியின் தரை வளைந்து சீற்றில் இறங்கும் இடத்தை, உட்பக்க வளைவை, வெட்டவே கூடாது. தரையைத் தாழ்த்தினால் திருப்பம் கூர்மையாகிக் காற்று சுவரைவிட்டு விலகும். கூரைப்பக்கம் கொஞ்சம் எடுக்கலாம். ஆனால் பழைய வார்ப்புகளில் மணல் அச்சு விலகியிருப்பது சாதாரணம். ஒரு பக்கம் 6 மி.மீ. தடிப்பு, மறுபக்கம் 3 மி.மீ. என்று இருக்கும், அதற்கப்பால் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர். அல்ட்ராசொனிக் மானியால் தடிப்பு பார்க்காமல் கை வைக்க வேண்டாம். இன்லெட்டை 80ஆம் எண் எமரித் தாளின் சொரசொரப்போடு விட்டுவிடுங்கள். பளபளப்பு எக்ஸோஸ்ட்டில் கரி படிவதைக் குறைக்கும், அவ்வளவுதான்.

ஹெட்டின் வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒஸ்டின்-ஹீலி 100-6 என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் நல்ல சாட்சி. 1956இல் வந்தபோது இன்லெட் மெனிபோல்ட் ஹெட்டோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருந்தது, 102 குதிரைவலு. 1957 இறுதியில் அதே 2639 சி.சி. எஞ்சினுக்குத் தனி மெனிபோல்ட்டோடு புது ஹெட் வந்தது, 117. அழுத்த விகிதமும் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு இறுக்கப்படுகிறது என்பது) காபரேற்றரும் கூடவே பெரிதாக்கப்பட்டன என்பதால் முழுப் புகழும் ஹெட்டுக்கு அல்ல.

இரண்டு சிலிண்டருக்கு ஒரே இன்லெட் வழி உள்ள ஹெட்டுகளின் கதை வேறு. அவுஸ்திரேலிய ஹோல்டனின் பழைய 132.5 கன அங்குல எஞ்சின் அப்படிப்பட்டது; 1-2, 3-4, 5-6 என்று ஜோடிக்கு ஒரு வழி. வெடிக்கும் வரிசை 1-5-3-6-2-4. 3உம் 4உம் கிராங்க் தண்டின் 360 பாகை (ஒரு முழுச் சுற்று) இடைவெளியில் ஒழுங்காக மாறிமாறி இழுக்கும். ஆனால் 2 இழுக்கத் தொடங்கி 240 பாகையில் 1 தொடங்கிவிடும். 5க்கும் 6க்கும் இதே தகராறு. முதலாவது மூடுமுன்னே இரண்டாவது திறந்தால் ஒன்றின் பங்கை மற்றது பறிக்கும். வால்வை நெடுநேரம் திறந்து வைக்கும் ரேஸ் கேம் இந்த ஹெட்டுகளில் சோபிக்காததற்குக் காரணம் இதுவே.

காபரேற்றர் கணக்கும் இந்த வரிசையில்தான் இருக்கிறது. இரண்டு எஸ்.யு. காபரேற்றர் போட்டு, ஒன்று 1-2-3க்கும் மற்றது 4-5-6க்கும் என்றால், முன்னும் பின்னும் மாறிமாறி, ஒவ்வொன்றும் சரியாக 240 பாகைக்கு ஒருமுறை இழுபடும். மூன்று போட்டு இரண்டிரண்டு சிலிண்டராகப் பிரித்தால் பார்வைக்கு அழகு, ஆனால் முன், பின் ஜோடிகளில் மேற்சொன்ன ஒழுங்கீனம் தலைகாட்டும். மூன்றையும் இணைக்கும் சமநிலைக் குழாய் இல்லாமல் மட்டமான ஐட்லிங் வராது.

மெனிபோல்ட் பொருத்தும்போது காற்றுக்கு எதிரே படி நிற்கக் கூடாது: இன்லெட்டில் மெனிபோல்ட்டின் வாய் ஹெட்டின் வாயைவிட அரை மி.மீ. சிறிதாகவும், எக்ஸோஸ்ட்டில் பெரிதாகவும் இருக்கட்டும். நீண்ட மெனிபோல்ட் வளைவது வழக்கம். நேர்கோல் வைத்து 0.1 மி.மீ. ஃபீலர் தகடு நுழைகிறதா பாருங்கள். இன்லெட்டும் எக்ஸோஸ்ட்டும் ஒரே ஸ்டட்டில் ஒரே கிளாம்பால் இறுகும் எஞ்சின்களில் இரண்டையும் பூட்டி ஒன்றாகவே மட்டம் பிடிக்க வேண்டும். ஒன்றின் விளிம்பு மெலிந்தால் கிளாம்ப் மற்றதையே கடிக்கும். மெலிந்த பக்கம் காற்று ஒழுகி அந்தச் சிலிண்டரின் கலவை மெலிந்து (பெற்றோல் பங்கு குறைந்து) வால்வ் எரியும்.

கொழும்பில் எல்லாவற்றையும்விட மலிவான ஆதாயம் சூட்டைத் தவிர்ப்பது. வெளியே 30 பாகை செல்சியஸ், பொனட்டுக்குள் 60 என்றால் எஞ்சினுக்குள் போகும் காற்றின் எடை 9 சதவீதம் குறைகிறது. காற்றுவழியைச் செதுக்கும் சாதாரணப் போர்ட்டிங்கில் இவ்வளவு மீட்பதே பாடு. கிரில்லுக்குப் பின்னாலிருந்து 75 மி.மீ. குழாய் ஒன்றை எயார் கிளீனருக்கு இழுங்கள். வாயைத் தாழ வைக்காதீர்கள். வெள்ளவத்தையில் ஒரு மழைக்கு எஞ்சின் தண்ணீர் குடித்தால் கனெக்டிங் ரொட் வளையும். காபரேற்றருக்கு அடியில் 6 மி.மீ. பேக்கலைட் தட்டும், எக்ஸோஸ்ட்டுக்கு மேல் அலுமினியத் தகடும் போடுங்கள். எக்ஸோஸ்ட் சூட்டை இன்லெட்டுக்குக் கொடுக்கும் அமைப்பு இங்கிலாந்தின் குளிருக்கு வேண்டியது.

இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றது; பழைய சீற்றைத் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். ஹெட்டைக் கழற்றிய கையோடு எக்ஸோஸ்ட் பக்கம் ஆறுக்கும் கடினச் சீற் வளையம் போட்டுவிடுங்கள். 92 ஒக்டேனுக்கு இரும்பு ஹெட்டில் 8.5க்கு மேல் அழுத்த விகிதம் வேண்டாம். உதாரணமாக, 2912 சி.சி. எஞ்சினில் ஒரு சிலிண்டர் 485 சி.சி.; அந்த விகிதத்துக்கு, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது கேஸ்கட் இடமும் சேர்த்து 64.7 சி.சி. மிஞ்ச வேண்டும். பியூரெட்டில் மண்ணெண்ணெய் விட்டு ஆறு அறைகளையும் அளந்த பிறகே ஹெட்டைச் சீவக் கொடுக்கலாம்.

காற்று கூடினால் கலவை மெலியும், எஸ்.யு.வில் பெற்றோலை அளந்து விடும் ஊசியை மாற்ற நேரலாம். எஸ்.யு.வின் பிஸ்டனை ஒரு மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகத் தூக்குங்கள். சுற்று ஒரு கணம் ஏறி அடங்கினால் சரி. ஏறியபடியே நின்றால் கலவை கனம் (பெற்றோல் அதிகம்), எஞ்சின் தள்ளாடினால் மெலிவு. பிறகு ஒரு நீண்ட ஓட்டம் போய் வந்து ஆறு பிளக்கையும் வரிசையாகக் கழற்றி வையுங்கள். ஓரத்து 1உம் 6உம் மெலிவால் வெளுத்து, நடுவில் 3உம் 4உம் கனத்தால் கறுத்திருந்தால் குறை ஹெட்டில் இல்லை, மெனிபோல்ட் பங்கிடுவதில்.

இப்படிக்கு,
பழைய எஞ்சின் வேலை தெரிந்த வாசகர்கள் சிலர்,
கொழும்பு 10.