இங்கே நான் மிஸ்: தாளாளர் ஐயாவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதம் ஆசிரியைகளின் வாட்ஸ்அப் குழுவில் வந்த சுற்றறிக்கை தங்களுக்கு நினைவிருக்கும். நம் பள்ளியில் படிக்கும் ஆசிரியைகளின் பிள்ளைகள் கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் தாயை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிட வேண்டும். ‘அம்மா’ என்றால் டைரியில் ரிமார்க். இதைப் பற்றி இரண்டு முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு கடிதமும் அலுவலக மேசையைத் தாண்டவில்லை போலிருக்கிறது. அதனால்தான் ஊர் படிக்க எழுதுகிறேன். பள்ளியின் பெயரை எழுதவில்லை. தங்களுக்குத் தெரியும், அது போதும்.

போன புதன்கிழமை ஐந்தாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். போர்டில் ஒரு தோசையை நாலாகப் பிரித்து வரைந்து முடிக்கவில்லை, வாசலில் ஆயாம்மா வந்து நின்றார். பக்கத்தில் என் மகள். எல்.கே.ஜி., வயது நாலரை. சறுக்குமரத்திலிருந்து விழுந்து தாடை கிழிந்திருந்தது. யூனிஃபார்மில் பின் குத்தியிருந்த கர்ச்சீப் முழுக்க ரத்தம். அழுகையை அடக்கியதில் தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. அவள் என்னைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. வலது கையை முன்னால் நீட்டி, “மே கமின் மிஸ்?” என்றாள்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு ஐயா. பழக்கதோஷத்தில் என் வாய் “எஸ், கம் இன்” என்றது.

மூன்று தையல். ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போதும் அவள் அம்மா என்று கத்தவில்லை. நான் ஐடி கார்டைக் கழற்றாமல் போயிருந்தேன், அதுதான் காரணம் என்று அப்புறம்தான் புரிந்தது. திரும்பி வந்தபோது மெமோ காத்திருந்தது: ‘பாடவேளையில் அனுமதியின்றி வகுப்பை விட்டுச் சென்றது ஏன்?’ அரை நாள் சம்பளமும் பிடித்தம். பிடித்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பணமில்லை. எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளையாவது தங்கள் அம்மாவை அம்மா என்று கூப்பிட விடுங்கள்.

ஐடி கார்டு விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜூலையில் மூன்று நாள் என் கார்டு காணாமல் போனது. தினமும் ஐம்பது ரூபாய் அபராதம் கட்டினேன். நாலாம் நாள் அரிசி அளக்கும்போது டிரம்முக்குள் கிடைத்தது. ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டால், “அதப் போட்டாதான நீ மிஸ்ஸா ஆவ?” என்றாள். கார்டு இல்லாவிட்டால் நான் அம்மாவாகவே பள்ளிக்கூடம் வந்துவிடுவேன் என்பது அவள் கணக்கு. அவளைப் பொறுத்தவரை அம்மாவும் மிஸ்ஸும் இரண்டு பேர். ஒருத்தி வந்தால் இன்னொருத்தி போய்விடுவாள். ராத்திரி தண்ணீர் கேட்பதற்கு முன்னால், “இப்ப நீ யாரு?” என்று கேட்டுவிட்டுத்தான் கேட்கிறாள்.

இது என் மகளின் பிடிவாதமோ மந்தமோ இல்லை. அந்த வயது அப்படித்தான். போன மாதம் அவளிடம் கேட்டேன்: “ஆச்சி எனக்கு யாரு?” “ஆச்சி.” “இல்லடா, ஆச்சி என்னோட அம்மா.” விழுந்து விழுந்து சிரித்தாள். “நீதான் பெரிசாயிட்டியே, உனக்கெதுக்கு அம்மா?”

தாங்கள் வேலைக்கு எடுக்கும்போது கட்டாயம் கேட்கிறீர்களே, அந்த பி.எட். படிப்பில் இதெல்லாம் இருக்கிறது. உனக்கு ஒரு சகோதரன் இருக்கிறானா என்றால் ஆமாம் என்கிற சின்னப் பிள்ளை, உன் சகோதரனுக்குச் சகோதரன் இருக்கிறானா என்றால் இல்லை என்று சொல்லிவிடும்; இதை சுவிஸ் உளவியலாளர் பியாஜே 1920களிலேயே எழுதிவைத்தார். உறவு இரண்டு பக்கமும் ஓடுவது என்பது மெல்லத்தான் பிடிபடும். அமெரிக்க உளவியலாளர்கள் மால்கம் வாட்சனும் கர்ட் ஃபிஷரும் 1980இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேராக நம் சங்கதிக்கே வருகிறது. பொம்மைகளை வைத்து டாக்டர் விளையாட்டு விளையாட விட்டுப் பார்த்தார்கள். மூன்று வயதுவாக்கில் பிள்ளை பொம்மையை டாக்டராக்கி, டாக்டர் செய்வதை எல்லாம் செய்யவைக்கும். நாலு வயதையொட்டி, டாக்டர் என்றால் நோயாளி ஒருவர் வேண்டும் என்று புரியும். அந்த நோயாளி டாக்டரின் சொந்த மகளாகவும் இருக்கலாம், அவர் ஒரே நேரத்தில் டாக்டரும் அப்பாவும்தான் என்பது பிடிபட ஆறு வயதுவாக்கில் ஆகிவிடுகிறது. என் மகளுக்கு நாலரை. சுற்றறிக்கை அவளிடம் கேட்பது, இன்னும் ஒன்றரை வருடம் கழித்து அவளுக்குத் தானாக வரப்போகிற ஒன்றை.

தானாக வரும் என்பதற்கும் நம் பள்ளியிலேயே சாட்சி இருக்கிறது. நாலாம் வகுப்பில் படிக்கும் ஒரு சக ஆசிரியையின் மகன், நண்பர்கள் இருந்தால் “மிஸ்” என்பான். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்க முடியாவிட்டால் ஸ்டாஃப் ரூம் ஜன்னலில் வந்து “ம்மா” என்பான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எந்தச் சுற்றறிக்கையும் வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான். அவனுக்கு அது கூச்சம், கௌரவம், விளையாட்டு எல்லாம். எல்.கே.ஜி. பிள்ளைக்கு அதுவே பறிகொடுப்பது.

சுற்றறிக்கை ஏன் வந்தது என்பதும் தெரியும். சொந்தப் பிள்ளைக்கு மார்க் அள்ளிப் போடுகிறார்கள் என்று பெற்றோர் ஒருவர் புகார் செய்தார். நியாயமான பயம்தான். அதற்கு என் பிள்ளையை வேறு செக்‌ஷனில் போடுங்கள், விடைத்தாளை வேறு ஆசிரியை திருத்தட்டும். என் மகளுக்கு நான் பாடமே எடுப்பதில்லை. அவள் கீழ்த்தளம், நான் மேல்தளம். அம்மா என்று கூப்பிட்டதால் யாருக்கு என்ன மார்க் கூடிவிடும்?

போன ஆண்டு விழாவில் ஒன்று நடந்தது, தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தங்கள் தாயார், தாங்கள் ஆண்டறிக்கை வாசிக்க எழுந்த நேரம் பார்த்து, “தம்பி, மாத்திரை போட்டியாடா?” என்று கேட்டார்கள். மைக் அதை அரங்கம் முழுக்கச் சொன்னது. எல்லோரும் சிரித்தோம், தாங்களும் சிரித்தீர்கள். “போட்டுட்டேம்மா” என்று பதில் சொல்லிவிட்டுத்தான் அறிக்கையைத் தொடங்கினீர்கள். அதனால் தாளாளர் பதவிக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. அன்றைக்குத் தங்களை இன்னும் கொஞ்சம் பிடித்துப்போனது என்பதுதான் உண்மை. ஐம்பது வயதில் தங்களுக்கு வாய்த்தது நாலரை வயதில் என் மகளுக்கு வாய்க்கக் கூடாதா?

பஸ் ஸ்டாண்டில் நம் பள்ளியின் போர்டு நிற்கிறது: ‘அன்னையின் அரவணைப்பில் கல்வி’. எந்த அன்னை என்று போட்டிருக்கலாம். டைரியின் முதல் பக்கத்தில் ‘மாதா பிதா குரு தெய்வம்’ அச்சடித்திருக்கிறீர்கள். அதே டைரியின் கடைசிப் பக்கத்தில்தான் ‘அம்மா என்று அழைத்தாள்’ என்று சிவப்பு மையில் ரிமார்க் விழுந்திருக்கிறது. வரிசைப்படி குரு மூன்றாவதுதானே?

நாங்கள் ஏன் வேறு பள்ளிக்குப் போவதில்லை என்று யாராவது கேட்கலாம். பிள்ளைக்குப் பாதிக் கட்டணம் என்பதற்காகத்தான் பாதிப் பேர் இங்கே இருக்கிறோம். சம்பளத்தை எழுதினால் படிப்பவர்கள் நம்ப மாட்டார்கள். ஒரிஜினல் சான்றிதழ்கள் தங்கள் பீரோவில். ஏப்ரல், மே வெயிலில் வீடு வீடாக அட்மிஷன் பிடிக்கப் போகும்போது மட்டும், “நானும் ஒரு அம்மாதாங்க, என் பிள்ளையையே அங்கேதான் போட்டிருக்கேன்” என்று சொல்லச் சொல்லிப் பயிற்சி கொடுத்தீர்கள். அப்போது நான் மிஸ் இல்லை, அம்மா. அப்படிச் சொல்லித்தான் போன கோடையில் பதினோரு பிள்ளைகளைச் சேர்த்தேன்.

சரி, மடல் எங்கோ போய்விட்டது, மன்னிக்கவும். சம்பளம் வேறு கடிதம்.

இப்போதைக்குக் கேட்பது ஒன்றுதான். மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தச் சுற்றறிக்கை பொருந்தாது என்று ஒரு வரி, அதே வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். டைரியில் விழுந்த ரிமார்க்கை அடித்துவிடச் சொல்லுங்கள். பிள்ளைக்கு அடிபட்டால் தாய் போகலாம், அந்த வகுப்பைப் பக்கத்து ஆசிரியை பார்த்துக்கொள்வார் என்றும் ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும். பக்கத்து வகுப்புப் பிள்ளைகளை எத்தனை முறை சேர்த்து உட்காரவைத்துப் பார்த்திருக்கிறோம், எங்களுக்கு அது புதிதில்லை.

தையல் பிரிக்க வெள்ளிக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் இரண்டு பாடவேளைகளுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் தனியாக அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். அதில் ‘மாணவியுடன் உறவு’ என்று ஒரு கட்டம் இருந்தது. தாய் என்று நிரப்பியிருக்கிறேன். தயவுசெய்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை