நோட்டைத் திறக்கும் முன்னால் பத்து நிமிடம்

அன்புள்ள தங்கைக்கு,

ஆங்கிலக் கட்டுரை என்றாலே மகன் முரண்டு பிடிக்கிறான், நான் சொல்லச் சொல்ல எழுதவைத்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். இப்போது ஐந்தாம் கிரேடு. அடுத்த வருஷம் பி.எஸ்.ஏ.சி. என்ற தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வில் நீ பக்கத்தில் உட்கார முடியாது.

நம் மொரிஷியஸ் பிள்ளைகள் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல், பள்ளியில் எழுதுவது ஆங்கிலமும் பிரெஞ்சும், இதில் தமிழ் வகுப்பு வேறு. பையனிடம் சொல்ல விஷயம் நிறைய இருக்கும். ஆங்கிலத்தில் யோசி என்றதும் வாய் அடைத்துப்போகும். அதனால் முதல் பத்து நிமிடம் பேனாவே வேண்டாம், கிரியோலில் பேசவிடு. தலைப்பு ‘சந்தைக்குப் போன நாள்’ என்று வைத்துக்கொள். குவாத்ர் போர்ன் சந்தைக்கா போனாய்? யார் கூட வந்தது? உள்ளே போனதும் என்ன வாசனை? விலை பேசியது யார்? ஏதாவது கொட்டியதா, தொலைந்ததா? இப்படிக் கேள். “நன்றாக இருந்ததா?” என்று மட்டும் கேட்காதே. ‘வி’ (ஆமாம்) என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வான்.

அவன் சொன்னதில் ஐந்தை ஒரு துண்டுக் காகிதத்தில் அவனே குறிக்கட்டும், எந்த மொழியானாலும் சரி: ப்ரேட் (கீரை) கட்டு, பேரம், பை கிழிந்தது, சூசூ (சௌசௌ) உருண்டது, தால் பூரி. பிறகு வரிசை எண் போடச் சொல். பை கிழிந்ததற்கு நாலு வாக்கியம், மற்றவற்றுக்கு ஒன்றோ இரண்டோ. எட்டிலிருந்து பன்னிரண்டு வாக்கியம் தானாகத் தேறிவிடும். இந்தக் கணக்கு இல்லாவிட்டால் எழுந்தேன், பல் தேய்த்தேன், பஸ் ஏறினேன் என்று சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் பாதிப் பக்கம் தீர்ந்துபோகும். முதல் வரியிலேயே சந்தைக்குள் நிற்கட்டும். லெசோனில் (டியூஷனில்) மனப்பாடம் செய்த ‘இட் வாஸ் எ பிரைட் சன்னி டே’ வேண்டவே வேண்டாம். புயல் பற்றிய கட்டுரையையும் அதே வரியில் தொடங்குகிற பிள்ளைகள் உண்டு!

எழுதும்போது ஸ்பெல்லிங் கேட்டால் சொல்லிவிடு, வாக்கியம் கேட்டால் சொல்லாதே. நீ அடுப்படியில் இருந்தால், தெரியாத சொல்லைக் காதில் விழுகிறபடி எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு மேலே போகட்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டினால் வாக்கியம் மறந்துபோகும்.

திருத்துவதில்தான் பெற்றோர் அதிகம் கெடுக்கிறார்கள். ‘ஐ வாஸ் ஈட்’ என்று அவன் எழுதுவது கவனக்குறைவால் அல்ல. கிரியோலில் ‘மோ மான்ஜே’ (நான் சாப்பிடுகிறேன்) என்பதற்கு நடுவே ‘தி’ சேர்த்து ‘மோ தி மான்ஜே’ என்றால் கடந்த காலம், வினைச்சொல் மாறுவதில்லை. அந்தத் ‘தி’யின் இடத்தில் ‘வாஸ்’ வந்து உட்கார்ந்துவிடுகிறது. பன்மைக்கும் ‘பான்’ முன்னால் வந்தால் போதும், சொல்லின் கடைசியில் எதுவும் ஒட்டாது. அதனால்தான் ‘மெனி புக்’. ஆணுக்கும் பெண்ணுக்கும் ‘லி’ ஒன்றே என்பதால் பாட்டியும் ‘ஹி’ ஆகிவிடுகிறாள். திட்டினால் இதெல்லாம் போகாது. ஒரு கட்டுரைக்கு ஒரு வகைத் தவறு மட்டும் பார். இந்த வாரம் வினைச்சொற்கள்: ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் கோடு போட்டு, “இது முன்பே நடந்து முடிந்ததா?” என்று அவனையே கேட்கவிடு. அடுத்த கட்டுரையில் பன்மை. மீதியை அப்படியே விட்டுவிடு, மனசு கேட்காது என்றாலும். நீ எல்லாவற்றையும் சரிசெய்து அனுப்பினால் அவனுக்கு எது வரவில்லை என்று ஆசிரியருக்கு எப்படித் தெரியும்?

எழுதி முடித்த கையோடு திருத்தவும் கூடாது. எழுத நினைத்ததைத்தான் கண் படிக்கும், விட்டுப்போன சொல் தெரியாது. மறுநாள் காலை, அல்லது குறைந்தது குளித்துச் சாப்பிட்ட பிறகு, விரல் வைத்து உரக்கப் படிக்கச் சொல். தடுக்குகிற இடத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும், பாதியை அவனே கண்டுபிடித்துவிடுவான்.

பிரெஞ்சுக் கட்டுரைக்கும் இதே வழிதான். அங்கே பார்க்கவேண்டிய தவறு வேறு: கிரியோலில் மேசைக்கு ‘லாதாப்’ என்று ஒரே சொல், பிரெஞ்சில் ‘லா தாப்ள்’ என்று இரண்டு. அதே பழக்கத்தில் ‘லா’வையும் ‘தாப்ள்’ என்பதையும் சேர்த்து எழுதிவிடுவான்.

ஒரே உட்காரலில் முக்கால் மணிக்கு மேல் இழுக்காதே. முடியவில்லையென்றால் அதோடு நிறுத்தி, “இதுவரை அவனே எழுதியது” என்று ஓரத்தில் ஆசிரியருக்கு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அன்புடன்,
அக்கா