சாரமில்ல என்று ஒரு சொல்

தக்கலை,
ஆனி மாதம்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. உடனே எழுத உட்கார்ந்தேன். நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மழையையும் சக்கையையும் பற்றி மட்டும் எழுதி அனுப்ப மனம் வரவில்லை, அதனால்தான் தாமதம். மழை நன்றாகப் பெய்கிறது. வேளிமலை மூன்று நாளாகக் கண்ணில் படவில்லை. ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் எல்லாம் வீட்டில் இருக்கிறார்கள். பின்பக்கத்து வருக்கைப் பலா இந்த வருடமும் குறைவில்லாமல் காய்த்தது.

"மனசை எப்படிடே ஸ்கேல் வைத்து அளப்பாய்?" என்று கேட்டிருந்தாய். ஆயுள் முழுக்கக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் வேறு என்ன கேட்பாய்! மகளின் எம்.எஸ்சி. உளவியல் புராஜெக்ட்டுக்கு ஒரு கேள்விப் படிவத்தைத் தமிழாக்க வேண்டியிருந்தது. தமிழாசிரியராக இருந்த அப்பா வீட்டில் சும்மாதானே இருக்கிறார் என்று என்னிடம் கொண்டுவந்தாள். பன்னிரண்டு வாக்கியம், ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு மாதம் ஆயிற்று.

விஷயம் இதுதான். ஒருவன் தோற்கும்போது, தப்புச் செய்யும்போது, துன்பப்படும்போது தன்னைத் தானே எப்படி நடத்திக்கொள்கிறான் என்பதை அளக்கப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கும் கிறிஸ்டின் நெஃப் என்ற அம்மையார் 2003-ல் இந்தப் படிவத்தை வெளியிட்டார். பௌத்தச் சிந்தனையிலிருந்து எடுத்த கருத்து. மூலத்தில் 26 வாக்கியங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 'அநேகமாக ஒருபோதும் இல்லை' என்றால் 1, 'அநேகமாக எப்போதும்' என்றால் 5, நடுவில் மற்ற எண்கள். எதிரும் புதிருமாக மூன்று ஜோடி: தன்னிடம் கனிவாக இருப்பது, தன்னையே குற்றம்சாட்டுவது; இது எல்லாருக்கும் வருவதுதான் என்று நினைப்பது, நான் மட்டும்தான் என்று ஒதுங்கிப்போவது; வலியை நிதானமாகக் கவனிப்பது, அதிலேயே மூழ்கிப்போவது. ஜோடியில் முதலில் வருகிற கனிவுப் பக்கத்து வாக்கியங்களின் எண்ணை அப்படியே எடுப்பார்கள். எதிர்ப்பக்கத்து வாக்கியங்களின் எண்ணை 6-லிருந்து கழித்துத் திருப்புவார்கள். பிறகு சராசரி. 2011-ல் பெல்ஜியத்து ஆய்வாளர்களோடு சேர்ந்து 12 வாக்கியத்தில் சுருக்க வடிவம் வந்தது. மகள் எடுத்துக்கொண்டது அதைத்தான்.

முதல் நாளே தலைப்பில் முட்டி நின்றோம். 'செல்ஃப் கம்பாஷன்' என்ற ஆங்கிலத் தலைப்புக்குத் 'தன்னிரக்கம்' என்று எழுதினேன். எழுதிய கையோடு அடித்தேன். நம் காதில் தன்னிரக்கம் என்றால் 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்று மூலையில் உட்கார்ந்திருப்பது. படிவம் எதைக் குறை என்று கணக்கிடுகிறதோ, அதே பொருள்! சுயபச்சாதாபம் இன்னும் மோசம். 'தற்கருணை' என்றால் கோவில் பலகை மாதிரி இருந்தது. கடைசியில் 'தன்பரிவு' என்று வைத்தோம். புதுச்சொல்தான், ஆனால் பரிவு என்ற சொல்லில் பக்கத்தில் போய் நிற்கும் ஒரு சாயல் இருக்கிறது. தலைப்பே போடாமல் வெறும் வாக்கியங்களை மட்டும் கொடுக்கலாம் என்றாள் மகள். அது சரியென்று இப்போது எனக்கும் படுகிறது.

அடுத்து நான் கவனித்ததை உனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். எதிர்ப்பக்கத்து ஆறு வாக்கியமும் தமிழில் தண்ணீராக ஓடி வந்தன. மடையன், உருப்படாதவன், எனக்கு எதற்கு இந்த வேலை... சொல்லுக்கா பஞ்சம்? கனிவு வாக்கியங்களில்தான் பேனா நின்றது. தனக்குத் தானே ஆறுதல் சொல்லிக்கொள்ள நம்மிடம் எத்தனை சொல் இருக்கிறது? ஆறுதல் என்பது நமக்கு அடுத்தவர் வாயிலிருந்து வருகிற பொருள். அம்மா சொல்லுவாள், அத்தை சொல்லுவாள், பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து சொல்லுவார். நாமே நமக்குச் சொல்லிக்கொண்டால் அது பொய்யாகவோ சுயநலமாகவோ கேட்கிறது.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. வாக்கியங்கள் புரிகின்றனவா என்று பார்க்க, மகள் சிலரிடம் வாசித்துக் காட்டி, "இதை எப்படி எடுத்துக்கொண்டீர்கள்?" என்று கேட்டு எழுதினாள். படிவத்தை ஓடவிடும் முன் இப்படிச் செய்யத்தான் வேண்டுமாம். ஒரு நாள் நானும் கூடப் போனேன். அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், தோடு உடைக்கும் ஒரு அக்கா. கஷ்டமான நேரத்தில் உங்களிடம் நீங்களே அன்பாக நடந்துகொள்வீர்களா என்று மகள் கேட்டதும் அந்த அக்கா என் முகத்தைப் பார்த்தார். "எனக்கு நானே அன்பா? அது சுயநலம்லா சார்?" என்று சொல்லிவிட்டு 1 போடச் சொன்னார். பேச்சு அப்படியே நீண்டது. அண்டித் தோட்டின் எண்ணெய் பட்டுக் கை வெந்து கறுத்திருக்கிறது. ராத்திரி எல்லாரும் சாப்பிட்ட பிறகு, தனியாக உட்கார்ந்து, இரண்டு கையிலும் தேங்காயெண்ணெய் ஊறத் தேய்த்துவிட்டுத்தான் படுப்பாராம். அது அன்பு இல்லையா அக்கா என்று மகள் கேட்டாள். "அது வலிக்கு மக்களே" என்றார்.

அந்தக் கையை நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். தாளில் 1 இருக்கிறது. தாளுக்கு வெளியே தேங்காயெண்ணெய்க் கிண்ணம் இருக்கிறது. பிசகியது நாங்கள் எழுதிய தமிழ். 'அன்பு' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'எனக்கு வேண்டிய கவனிப்பை நான் கொடுத்துக்கொள்கிறேன்' என்று மாற்றினோம். அதற்கு வேறு மாதிரி பதில் வந்தது. ஒரு சொல் ஒரு எண்ணை எவ்வளவு தூரம் தள்ளிவிடுகிறது பார். இன்னொன்றும் கவனித்தேன். நான் பக்கத்தில் நின்றால் எல்லாவற்றுக்கும் "ஆமா சார்" என்று 4, 5 விழுகிறது. மகள் மட்டும் தனியே உட்கார்ந்தால் எண்கள் இறங்குகின்றன. அதன்பிறகு நான் போகவில்லை.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம் என்று நீ கேட்பாய், தெரியும். மூலப் படிவத்தின் உட்பொருத்தம், அதாவது வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவு, 1-க்கு 0.92. சுமார் மூன்று வாரம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கொடுத்துப் பார்த்தபோது ஒப்புமை 0.93. இவை ஆங்கிலத்தில், அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் வந்த எண்கள். நம் தமிழுக்கு நாம் தனியாகப் பார்த்தாக வேண்டும்.

இதில் ஒரு விவாதமும் நடக்கிறது. பீட்டர் மூரிஸ் என்ற நெதர்லாந்து உளவியலாளரும் வேறு சிலரும் ஒரு கேள்வி எழுப்பினார்கள். திருப்பிப் போடும் அந்தப் பாதி வாக்கியங்கள் மனச்சோர்வின் அறிகுறிகளைத்தானே வேறு வார்த்தையில் கேட்கின்றன? அப்படியிருக்க, தன்பரிவு குறைந்தவர்களுக்குச் சோர்வு அதிகம் என்று சொல்வது, ஒரே காய்ச்சலை இரண்டு தெர்மாமீட்டரில் பார்த்துவிட்டு ஒன்று மற்றதற்குக் காரணம் என்பது போலல்லவா? நெஃப் இதற்கு விடாமல் பதில் எழுதிவருகிறார். 2019-ல் பல நாடுகளிலிருந்து 20 குழுக்கள், 11,685 பேரின் விடைகளை வைத்து, மொத்த மதிப்பெண்ணையும் ஆறு பிரிவுகளையும் பயன்படுத்தலாம், நல்லது கெட்டது என்று இரண்டாக வெட்டுவதற்கு ஆதாரம் போதாது என்று அவரும் மற்றவர்களும் காட்டினார்கள். தன்னைத் திட்டுவது குறைவதும் பரிவின் பகுதியே என்பது அவர் வாதம். எனக்கு அவர் பக்கம் பாதி நியாயம் தெரிகிறது. ஆனால் அந்த அக்காவைப் பார்த்த பிறகு, இரண்டு பாதியையும் தனித்தனியாகவும் எழுதி வைத்துக்கொள் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

நானும் அந்தப் படிவத்தை நிரப்பினேன். கனிவு வாக்கியம் ஆறிலும் சேர்த்து 14. மற்ற ஆறில் 23. 36-லிருந்து கழித்தால் 13. மொத்தம் 27, பன்னிரண்டால் வகுத்தால் 2.25. இரண்டரைக்குக் கீழே போனால் குறைவு என்று தோராயமாக வைத்திருக்கிறார்கள். பார்த்ததும் நெஞ்சில் ஒரு அடி. இதிலும் தேறவில்லையே என்று தோன்றியது. 91.75 சதவீதம் எழுத்தறிவு என்று 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற கன்னியாகுமரி மாவட்டம் இது. இங்கே வாத்தியாராக இருந்து, மார்க்கை வைத்துத்தான் பிள்ளைகளையும் என்னையும் பார்த்துப் பழகிவிட்டேன். "இதில் பாஸ் மார்க் கிடையாது அப்பா, கூட்டமாக ஒப்பிடத்தான் இந்த எண், ஒரு ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இல்லை" என்றாள் மகள்.

நான் எங்கே 5 போட்டேன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். மனம் சோர்ந்திருக்கும்போது, தப்பாகிப்போனவற்றையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருப்பேனா என்ற வாக்கியத்தில். அம்மா போன அன்று நான் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தேன். போன் அணைத்துப் பைக்குள் கிடந்தது. மத்தியானமே நெஞ்சுவலி வந்திருக்கிறது. தம்பி எத்தனை தடவை கூப்பிட்டான் என்பதைச் சாயங்காலம்தான் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அந்த மத்தியானத்தை நான் எத்தனை முறை திருத்தியிருப்பேன் தெரியுமா? ஒவ்வொரு முறையும் எனக்குப் பூஜ்யம்தான் போட்டிருக்கிறேன். நீ அன்றைக்கு ராத்திரி பஸ் பிடித்து வந்தாய். முற்றத்தில் என் தோளில் கைவைத்து, "சாரமில்ல மக்கா, நீ வேலைக்குத்தானே போன" என்றாய். நம் ஊர்ப் 'பரவாயில்லை'யான அந்த ஒரு சொல்லில் அன்றைக்கு நான் தூங்கினேன்.

அதனால்தான் மகளிடம் சண்டைபோட்டேன். அந்த அக்காவிடம் கேட்ட ஆறாவது வாக்கியத்தை, 'மிகக் கஷ்டமான நேரத்தில் சாரமில்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்' என்று எழுதலாம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. 1956-க்கு முன் நாம் திருவிதாங்கூரில் இருந்த காலத்து மலையாள வாசம் இது, தஞ்சாவூர்க்காரருக்குப் புரியுமா என்றாள். அது சரிதான். இரண்டாவதாக அவள் சொன்னது யோசிக்க வைத்தது. சாரமில்ல என்றால் பரவாயில்லை, பெரிதல்ல என்று அர்த்தம். மூலத்தில் இருப்பது வலியைச் சின்னதாக்குவது இல்லை, வலி என்று ஒத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது. நான் சொன்னேன்: நம் ஊரில் சாரமில்ல என்று வெறும் வாயால் யாரும் சொல்வதில்லை, தோளில் கையும் சேர்ந்துதான் வரும், கைதான் வலிக்கிறது என்று ஒத்துக்கொள்கிறது. "கையைத் தாளில் எப்படி அப்பா எழுதுவது?" என்றாள். விட்டுக்கொடுத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து எனக்கும் மறுபடி படிவம் வந்தது. இந்தத் தடவை 2.5. மொத்தத்தில் மூன்று எண் கூடுதல், அன்றைய மனநிலைகூடக் காரணமாக இருக்கலாம் என்கிறாள். இருக்கலாம். ஆனால் அந்த ஆறாவது வாக்கியத்தில் 1-லிருந்து 3-க்கு நகர்ந்தது எதனால் என்று எனக்குத் தெரியும். இடையில் ஒரு நாள் கிணற்றடியில் நின்று, சத்தம் வராமல், அந்தச் சொல்லை எனக்குச் சொல்லிப் பார்த்தேன். கூச்சமாக இருந்தது. இருந்தாலும் சொன்னேன்.

இப்போது உன்னிடம் ஒரு உதவி. எங்கள் தமிழை மூலம் பார்க்காத ஒருவர் திரும்ப ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அதை மூலத்தோடு வைத்துப் பார்த்தால் எங்கே விலகியிருக்கிறோம் என்று தெரியும். உன் மருமகள் ஆங்கிலம் நடத்துகிறாளே, அவளால் முடியுமா? பன்னிரண்டு வாக்கியத்தையும் தனித் தாளில் வைத்திருக்கிறேன். அவள் முடிக்கும்வரை இந்தக் கடிதத்தைக் காட்டிவிடாதே.

அப்புறம், உன் வீட்டில் முட்டுவலி எப்படி இருக்கிறது? "நான்தான் தள்ளிப்போட்டேன், என்னால்தான் அவள் இப்படிக் கிடக்கிறாள்" என்று எழுதியிருந்தாய். அந்த வரியில் பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறாய், தாளின் பின்பக்கத்தில் தடவினால் தெரிகிறது. அந்த வருடம் நீ எத்தனை பேருக்காக ஓடினாய் என்று எனக்குத் தெரியும். சாரமில்ல மக்கா. கை இங்கிருந்து எட்டாது, எட்டியதாக வைத்துக்கொள்.

ஆவணியில் வருவதாகச் சொன்னாயே, இருவருமாக வாருங்கள். மாடிப்படி ஏற வேண்டாம், கீழ் அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். சக்கை வற்றல் ஒரு டப்பா பார்சலில் வருகிறது, உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

உன் பழைய பெஞ்சுக்காரன்