'மயக்கம்' என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை மனநல ஆலோசனைப் பகுதியில் ஒரு பெண்ணின் கேள்வி வந்திருந்தது. மணமுறிவு ஆகி மூன்று வருடம் கழித்து, படிக்கும் காலத்தில் நேசித்த தோழியை மறுபடி சந்தித்திருக்கிறார். அந்த நேசம் அப்படியே இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். 'அது இளவயது மயக்கம். மணமுறிவு தந்த வெறுமையில் பழைய நட்பைக் காதல் என்று நினைக்கிறீர்கள்' என்பது உங்கள் ஆலோசகரின் பதில். நான்கு தடவை படித்தேன். இதே 'மயக்கம்' என்ற சொல்லை என் 22 வயதில் எனக்கும் ஒருவர் சொன்னார்.

அது 1997. நான் நேசித்த தோழி எனக்கு எழுதிய கடிதங்கள் வீட்டில் அகப்பட்டுவிட்டன. அப்பா என்னை ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போனார். அவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்பாவைப் பார்த்து, "இந்த வயசு மயக்கம்தான், கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதித் தந்தார். உலக சுகாதார நிறுவனம் தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்க முடிவெடுத்தது 1990 மே 17 அன்று. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973லேயே நீக்கிவிட்டது. எனக்கு இதெல்லாம் நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. அந்த மருத்துவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

மறு வருடம் எனக்குத் திருமணம். அவள் வந்திருந்தாள். சாவி கொடுத்து ஓடவைக்கும் சின்ன மேசைக் கடிகாரம் ஒன்றைக் கையில் தந்தாள். "தினமும் சாவி கொடுக்கணும், மறந்துடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நான் ஒரு நாளும் மறக்கவில்லை.

என் கணவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதுகூட அபூர்வம். ஆனால் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே என் உடம்பு இறுகிப்போகும். அவருக்கு அது தெரிந்தது. ஏன் என்று மட்டும் தெரியவில்லை. பதினைந்து வருடம் அப்படியே ஓடியது. 2013இல் பிரிந்தோம். விவாகரத்துப் பத்திரங்களில் கையெழுத்துப் போட்ட அன்று மாலை, அவரைத் தனியே அழைத்து உண்மையைச் சொன்னேன். வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: "அப்போ, என்கிட்ட ஒரு குறையும் இல்லையா?"

தன் முகம், தன் சம்பளம், தன் பேச்சு என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டே அந்த மனிதர் இத்தனை வருடத்தைக் கழித்திருக்கிறார். "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று சொல்கிறவர்கள் அவரைப் போன்றவர்களை நினைத்துப் பார்ப்பதே இல்லை. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு மாத்திரை எழுதியவரும் கேட்டிருக்க வேண்டும்.

அவளை மறுபடி பார்த்தது 2016இல், ஒரு மருத்துவமனையில். நான் கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன், அவள் தன் அம்மாவைக் கூட்டி வந்திருந்தாள். பின்னாலிருந்து என் பெயர் கேட்டது. திரும்புவதற்குள் யாரென்று தெரிந்துவிட்டது. "கடிகாரம் ஓடுதாடி?" என்றாள். "ஓடுது" என்றேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

விட்ட இடத்திலிருந்து எல்லாம் தானாகத் தொடங்கிவிடவில்லை. அவள் மனதில் வைத்திருந்தது 22 வயதுப் பெண்ணை. வந்து நின்றதோ, மூட்டுவலியும் அரைத் தூக்கமுமாக ஒரு நடுவயதுக்காரி. "அப்போ ஏன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசல?" என்று முதல் வருடம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நியாயமான கேள்வி. பயம் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. அதை அவள் ஏற்றுக்கொள்ள நாள் பிடித்தது. என் மகனிடம் அவனுடைய 17 வயதில் சொன்னேன். இரண்டு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் பரீட்சை வந்தபோது அவளிடம்தான் கணக்குக் கேட்டுப் படித்தான். ஆகவே, நிதானமாகப் போங்கள் என்று உங்கள் ஆலோசகர் எழுதியிருந்தால் நானே கைகூப்பியிருப்பேன்.

கலிஃபோர்னியாவில் நான்சி காலிஷ் என்ற உளவியல் பேராசிரியர், பிரிந்து பல வருடம் கழித்து மறுபடி சேர்ந்த காதலர்கள் ஆயிரம் பேருக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டறிந்து ஆய்வு செய்தார். முதலில் பிரிந்ததற்குப் பெற்றோரின் எதிர்ப்பே காரணம் என்றவர்கள் அதில் நிறையப் பேர். துணையோடு வாழ்ந்துகொண்டிருப்பவர்கள் பழைய காதலைத் தேடிப் போக வேண்டாம் என்றும் அவர் எச்சரித்தார். அது சரிதான். ஆனால் உங்கள் வாசகி யாரையும் ஏமாற்றிவிட்டு வரவில்லை. முறிந்த திருமணத்தால் இந்தக் காதல் வந்ததாக ஆலோசகர் நினைக்கிறார். திருமணத்துக்கு முன்பே இருந்த காதல் என்று அந்தப் பெண் தன் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறாரே!

அந்தப் பெண்ணின் முகவரி உங்களிடம் இருக்கும். இந்தக் கடிதத்தை நீங்கள் வெளியிடாவிட்டாலும் பரவாயில்லை, அவருக்கு மட்டுமாவது அனுப்பிவையுங்கள். அவர் பதில் எழுதினால், உறையின் பின்புறம் உள்ள என் முகவரிக்கு அனுப்புங்கள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே படிப்போம்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி
(பெயரை வெளியிட வேண்டாம். அவளுடைய அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.)